கரிப்பு மணிகள் முடிச்சாச்சு, வேலையைப் பத்தின நாவல் வேற என்ன இருக்கு?

மதுரைக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். ராஜம் கிருஷ்ணனோட கரிப்பு மணிகள் இப்பதான் முடிச்சேன். தூத்துக்குடி உப்பளத்துல வேலை பாக்குற ஜனங்க பத்தின நாவல், 1979ல வந்தது. பொன்னாச்சின்னு ஒரு பொண்ணு அளத்துக்கு வேலைக்குப் போறா, அங்க கங்காணி, கணக்கப்பிள்ளை, கான்ட்ராக்ட்காரன்னு ஒருத்தர் மேல ஒருத்தர் உக்காந்திருக்காங்க, கதைன்னு பாத்தா அவ்ளோதான். ஆனா எனக்குப் பிடிச்சது கதை இல்ல. தண்ணி எங்கருந்து வந்து எங்க போகுது, பாத்தியை ஏன் மிதிக்கணும், யாருக்கு என்ன கூலி, அதுல எதுக்கெல்லாம் பிடிப்பாங்க, மழை வந்தா என்ன ஆகும், இதெல்லாம் படிக்கப் படிக்க கீழ வைக்க முடியல.

அப்புறம்தான் யோசிச்சேன், நம்ம நாவல்கள்ல முக்காவாசி ஆளுங்க காலையில வேலைக்குப் போவாங்க, சாயங்காலம் வருவாங்க, நடுவுல அங்க என்ன செஞ்சாங்கன்னே தெரியாது. காதல் சண்டை சொத்து சாதி எல்லாம் வீட்டுலயும் தெருவுலயும்தான் நடக்கும். எனக்கு வேணும்கிறது அந்த நடுவுல இருக்கிற எட்டு மணி நேரம். வேலையே கதையா இருக்கிற நாவல் சொல்லுங்களேன். மொழிபெயர்ப்பா இருந்தாலும் சரி, குண்டு புக்கா இருந்தாலும் சரி. எஸ். ராமகிருஷ்ணனோட சஞ்சாரம் (நாதஸ்வரக்காரங்க), எரியும் பனிக்காடு (டீ எஸ்டேட்) ரெண்டும் படிச்சாச்சு. தயவுசெஞ்சு யாரும் பொன்னியின் செல்வன் சொல்லாதீங்க, வந்தியத்தேவன் பாக்குறதும் வேலைதான்னு போன தடவை ஒருத்தர் சொன்னார் 😀

இன்னொண்ணு, எங்க வாசிப்புக் குழுவுல ஒருத்தர் கரிப்பு மணிகளைப் பாத்துட்டு இது நாவலே இல்லம்மா, சர்வே ரிப்போர்ட்டுன்னு சொல்லிட்டார். அதுல எனக்குக் கொஞ்சம் கடுப்பு. படிச்சவங்க என்ன நினைக்கிறீங்க?


உப்புக்காத்து:

அக்கா, நான் தூத்துக்குடிதான், எங்கம்மா கல்யாணத்துக்கு முன்னாடியும் பின்னாடியும் அளத்துல உப்புப் பெட்டி சுமந்தவங்க, அதனால இந்த புக்கைப் பத்தி பேச எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்குன்னு நினைச்சிக்கிடுதேன். எங்கம்மாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும், அதனால நான்தான் ராத்திரி ராத்திரி வாசிச்சுக் காட்டுனேன். முதல் பாதியில ஒரு இடத்துல கூட அப்படி இல்லன்னு சொல்லல. வெள்ளை வெளேர்னு பாத்தியில வெயில் பட்டு கண்ணு கூசுதது, காலு வெடிச்சு அந்த வெடிப்புக்குள்ள உப்புத் தண்ணி இறங்குதது, ஒதுங்க ஒரு இடமில்லாம பொம்பளையாளுங்க படுத பாடு, கங்காணி கண்ணு யார் மேல விழுதுன்னு பாத்து மத்தவளுவ ஒருத்திக்கொருத்தி காவலா நிக்கிதது, எல்லாத்துக்கும் ம் ம் னு கேட்டுட்டே இருந்தாங்க. நாவல்ல வர்ற ராமசாமி நியாயம் பேச ஆரம்பிச்சதும்தான் எங்கம்மா சிரிச்சிட்டு "இப்படியெல்லாம் எவம்லே பேசுனான், பேசுனா மறுநாள் வேலை கிடைக்குமா"ன்னாங்க.

என் கருத்தும் அதுதான். பின்பாதியில ஆளுங்க மேடையில பேசுத மாதிரி பேசுதாங்க. ஆனா சர்வே ரிப்போர்ட்டுன்னு சொல்றவங்க கிட்ட ஒரு கேள்வி, அந்த ரிப்போர்ட்டையாச்சும் வேற யார் எழுதுனா? ராஜம் கிருஷ்ணன் முசிறியில பிறந்தவங்க, எங்க ஊருக்கு வந்து அளத்துல நின்னு ஜனங்க கூடப் பேசி எழுதுனாங்க. தூத்துக்குடியில பிறந்து வளந்து எழுத்தாளர்னு பேர் வாங்குன எத்தனையோ பேருக்கு அளம் கண்ணுலயே படல.

அவங்களே மீனவங்களைப் பத்தி அலைவாய்க் கரையில், தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை பாக்குத பிள்ளைகளைப் பத்தி கூட்டுக்குஞ்சுகள், தஞ்சாவூர் பக்கம் வயக்காட்டுக் கூலிகளைப் பத்தி சேற்றில் மனிதர்கள் எல்லாம் எழுதியிருக்காங்க. அவங்க எழுத்து நாட்டுடைமை ஆயிட்டு, இணையத்துலயே தேடிப் படிக்கலாம். எனக்கு கூட்டுக்குஞ்சுகள் பரவால்ல, அலைவாய்க் கரையில் சுமார்தான், ஏன் சுமார்னா கடலை எழுத வேற ஆளு வந்துட்டாரு. ஜோ டி குரூஸோட ஆழி சூழ் உலகு, 2004. அதை முதல்ல எடுங்க.


வரிக்குதிரை78:

சர்வே ரிப்போர்ட்டுன்னு சொன்னவர் நான் இல்ல, ஆனா கூட நிப்பேன் 🙂 உப்புக்காத்து கோச்சுக்காதீங்க. பிரச்சனை என்னன்னா தகவல் ஒரு பக்கம் நிக்குது, மனுஷங்க இன்னொரு பக்கம் நிக்கிறாங்க. பொன்னாச்சியை உப்பளத்துல இருந்து தூக்கி தீப்பெட்டி ஆபீஸ்ல வச்சாலும் அவ அதே பொன்னாச்சிதான், அதே மாதிரிதான் கஷ்டப்படுவா, அதே மாதிரிதான் எழுந்து நிப்பா. வேலை ஒரு ஆளை எப்படி மாத்துதுங்கிறதுதான் நாவல். சூழலைச் சரியா எழுதிட்டா மட்டும் நாவல் ஆயிடாது.

மதுரைக்காரி கேட்டதுக்கு என்னோட ஒரே பதில் அசோகமித்திரனோட கரைந்த நிழல்கள். சினிமா எடுக்கிற தொழில், ஆனா ஸ்டார் டைரக்டர் கதை இல்ல, புரொடக்‌ஷன் மேனேஜர் நடராஜன்ல ஆரம்பிக்குது. காலையில அவுட்டோர் கிளம்பணும், வண்டி வரணும், யார் யாரை எங்கெங்க ஏத்தணும், டிபன் எத்தனை பொட்டலம், இதைப் படிக்கும்போதே நமக்கு டென்ஷன் ஏறும். படத்துக்குப் பணம் போட்ட ரெட்டியார் ஷூட்டிங்குக்கு வராத நடிகையோட வீட்டுக்கே போற அத்தியாயம் ஒண்ணு இருக்கு, தமிழ்ல எழுதப்பட்ட மிகச் சிறந்த பத்துப் பக்கங்கள்ல அது ஒண்ணுன்னு நான் யார்கிட்ட வேணா சண்டை போடுவேன். ரெட்டியார் மேல கோபம் வரும், அடுத்த பக்கத்துல பாவமா இருக்கும், நடிகை மேலயும் அதே கதைதான். ஒவ்வொரு அத்தியாயமும் வேற ஆளு கிட்ட போயிடும், முன்னாடி பாத்த ஆள் என்ன ஆனார்னு போற போக்குல ஒரு வரியில தெரியும், அந்த ஒரு வரி அடிக்கிற அடி இருக்கே. அசோகமித்திரன் ஜெமினி ஸ்டூடியோவுல பல வருஷம் வேலை பாத்தவர். ஆனா எனக்கு எல்லாம் தெரியும்னு எங்கயும் காட்டிக்க மாட்டார். சின்ன புக்குதான், ஞாயித்துக்கிழமை ஒரே மூச்சுல முடிச்சிடலாம்.

இதே சினிமாவை தியேட்டர் பக்கம் இருந்து பாக்கணும்னா பெருமாள்முருகனோட நிழல்முற்றம். சின்ன டவுன் தியேட்டர்ல சோடா விக்கிற பசங்க. அழுக்கு, பீடி, கஞ்சா, கெட்ட வார்த்தை, பசங்களுக்குள்ள இருக்கிற பாசம், எல்லாம் பச்சையா இருக்கும். படிச்சப்புறம் இன்டர்வெல்ல முறுக்கு விக்கிற பையனை நிமிந்து பாக்காம இருக்க முடியாது.


பழையபேப்பர்:

நல்ல திரி. நான் கொஞ்சம் பெருசா எழுதுவேன், பொறுத்துக்கோங்க, ரிட்டயர்டு ஆள்.

முதல்ல டி. செல்வராஜோட தோல். திண்டுக்கல் தோல் ஷாப்புகள் பத்தி. 2012ல சாகித்ய அகாடமி கிடைச்சது. ஓசேப்புன்னு ஒருத்தன், சுண்ணாம்புக் குழியில இறங்கி தோலோட மல்லுக்கட்டுறவன். முடி உதிர்றதுக்காகத் தோலை சுண்ணாம்புத் தண்ணியில ஊறப் போடுறது, சதை வழிக்கிறது, ஆவாரம்பட்டை போட்டுப் பதம் பண்றது, அந்த வேலையில கை கால் தோல் வெந்து போறது, நாத்தத்தோடயே வீட்டுக்குப் போறது, எல்லாம் இருக்கு. செல்வராஜ் திண்டுக்கல்லயே வக்கீலா இருந்தவர், தொழிலாளர் கேஸ்களை எடுத்து நடத்துனவர், அதனால சங்கம் எப்படிக் கட்டுனாங்கங்கிற பகுதி வெறும் கோஷமா இருக்காது. கேஸ் கட்டைப் பிரிச்சுப் பாத்தவருக்குத்தான் தெரியும் சில நுணுக்கம், முதலாளி எப்படி ஒருத்தனை மட்டும் தனியாக் கூப்பிட்டு பேசுவான், கடன் பத்திரத்துல என்ன எழுதுவான்னு. குறை என்னன்னா ரொம்பப் பெருசு, ஆளுங்க ஏகப்பட்ட பேர், நான் ஒரு பேப்பர்ல பேர் எழுதி வச்சுக்கிட்டுப் படிச்சேன்.

நெசவுன்னா தொ.மு.சி. ரகுநாதனோட பஞ்சும் பசியும், 1953. கைத்தறி நெசவாளிங்க நூல் கிடைக்காம பட்டினி கிடந்த காலம். செக் மொழிக்கெல்லாம் போன நாவல். இன்னைக்குப் படிச்சா கொஞ்சம் பழைய சினிமா வாசம் அடிக்கும், உண்மையைச் சொல்லணும்ல. ஆனா நூல் விலையும் அரிசி விலையும் சேந்து ஒரு வீட்டை எப்படி நெரிக்கும்கிறதுக்கு இதை விட்டா வேற இல்ல. திருப்பூர் சாயப்பட்டறைக்கு சுப்ரபாரதிமணியனோட சாயத்திரை இருக்கு. பவானி ஆத்தங்கரையில வந்த விஸ்கோஸ் (மரக்கூழ்ல இருந்து எடுக்கிற செயற்கை இழை) ஆலையை வச்சு இரா. முருகவேள் எழுதின முகிலினி இருக்கு, நீங்க படிச்ச எரியும் பனிக்காடு தமிழாக்கம் பண்ணதும் அவர்தான். ஆலை வந்தப்ப ஊரே எப்படிக் கொண்டாடுச்சு, அதே ஊர் ஆத்துல மீன் செத்து மிதந்தப்ப யாரை நோகன்னு தெரியாம நின்னதுங்கிறதை நேர்மையா எழுதியிருப்பார். வேலையும் வேணும் தண்ணியும் வேணும்கிற சிக்கலை அவர் ஒரே பக்கமா சாய்ச்சு முடிச்சிடல.

அப்புறம் சா. கந்தசாமியோட சாயாவனம். 1960கள்ல எழுதினது. வெளிநாட்டுல இருந்து திரும்புன சிதம்பரம்கிற ஆள் கரும்பாலை வைக்க ஒரு வனத்தை அழிக்கிறான். நாவல் முழுக்க அந்த அழிக்கிற வேலைதான். எந்த மரத்தை முதல்ல வெட்டணும், கொடி பின்னிக்கிட்டு இருக்கிறதை எப்படி அறுக்கணும், எந்தக் காத்துக்கு எந்தப் பக்கம் தீ வைக்கணும். இதுல என்ன விசேஷம்னா நம்மளை அறியாம நாமளும் அவன் கூட சேந்து அடுத்து எப்படி வெட்டலாம்னு யோசிக்க ஆரம்பிச்சிடுவோம். ஆசிரியர் ஒரு இடத்துல கூட ஐயோ காடு போச்சேன்னு கண்ணீர் விட மாட்டார். வரிக்குதிரை சொல்ற "வேலை ஆளை மாத்துறது" எனக்கு இதுலதான் நல்லாத் தெரிஞ்சது, கரைந்த நிழல்கள்ல கூட இல்ல.

மதுரையில நீங்க இருந்தா நத்தம் ரோட்டுல கலைஞர் நூலகம் இருக்கே, 2023ல திறந்தது, அங்க போய் உக்காந்து படிச்சுப் பாத்துட்டு அப்புறம் வாங்கலாம். பழைய பதிப்பு பல புக்கு கடையில கிடைக்காது.


நைட்ஷிப்ட்:

நான் கேக்குறேன், உப்பளம் தோல் ஷாப் டீ எஸ்டேட் எல்லாம் இருக்கு, எங்களை மாதிரி ஐடி ஆளுங்க வேலையைப் பத்தி தமிழ்ல எவனும் எழுதலையா ப்ரோ? எங்களுக்கும் கங்காணி இருக்கார், பேர் தான் டெலிவரி மேனேஜர். நாங்களும் அப்ரைசல் டைம்ல அழுறோம். ராத்திரி 2 மணிக்கு கிளையன்ட் கால் முடிச்சிட்டு கேப்ல தூங்கிட்டே வர்றவன் கதையை எழுத ஆள் இல்லையா?


வரிக்குதிரை78:

@நைட்ஷிப்ட் இருக்கு. இரா. முருகனோட மூன்று விரல், சாப்ட்வேர் ஆளுங்க வெளிநாடு உள்நாடுன்னு அலையிற கதை. பேரைப் பாத்ததுமே உங்களுக்குப் புரியும், கம்ப்யூட்டர் தொங்கிடுச்சுன்னா மூணு விரலால எதை அழுத்துவீங்க? நக்கல் தூக்கலா இருக்கும். இன்னொண்ணு விநாயக முருகனோட ராஜீவ்காந்தி சாலை, உங்க ஓஎம்ஆர்தான், சென்னையில ஐடி கம்பெனிங்க இருக்கிற ரோடு. அதுல ஐடி ஆளுங்க மட்டும் இல்ல, அந்த ரோடு வர்றதுக்கு முன்னாடி அங்க நிலம் வச்சிருந்தவங்க, இப்ப அங்க டிரைவராவும் செக்யூரிட்டியாவும் நிக்கிறவங்க எல்லாரும் வர்றாங்க. கொஞ்சம் சென்சேஷனலா இருக்குன்னு எனக்குத் தோணுச்சு. புரோகிராம் எழுதுற வேலையை, அந்த உக்காந்த இடத்துல நடக்கிற வேலையை உள்ள இருந்து சொன்ன நாவல் இன்னும் வரலன்னுதான் சொல்வேன். நீங்க எழுதுங்க.


நைட்ஷிப்ட்:

எழுதுனா பிஐபில (வேலை சரியில்லன்னு கெடு வச்சுக் கண்காணிக்கிறது) போட்ருவாங்க 😂 மூன்று விரல் ஆர்டர் போட்டாச்சு.


மதுரைக்காரி:

ஐயோ இவ்ளோ பதிலா, நன்றி எல்லாருக்கும்! பழையபேப்பர் சார், சாயாவனம் எங்க வீட்டுலயே இருக்கு, அப்பா வாங்கினது, நான் ஏதோ காடு மலை சுத்திப் பாக்குற புக்குன்னு நினைச்சு தொடவே இல்ல. இன்னைக்கே எடுக்குறேன். உப்புக்காத்து தம்பி, உங்கம்மா சொன்னதைப் படிச்சு சிரிச்சேன், அந்த மேடைப்பேச்சு எனக்கும் நெருடுச்சு, ஆனா சொன்னா எங்க குழு அண்ணன் நான் சொன்னேன்ல ன்னு ஏறி உக்காந்துக்குவார்னு கம்முனு இருந்துட்டேன். ஆழி சூழ் உலகு ஒரு தடவை எடுத்து முப்பது பக்கத்துல வச்சிட்டேன், பாஷை புரியல. எப்படிப் படிச்சீங்க?


உப்புக்காத்து:

அக்கா அந்த பாஷை எங்களுக்கே முழுசாப் புரியாது, அது கடக்கரை பாஷை, ஊருக்கு ஊரு மாறும். ஒவ்வொரு வார்த்தையா தேடிட்டு நிக்காதீங்க, கடல்ல அலை அடிக்கும்போது ஒவ்வொரு அலையையும் எண்ண மாட்டோம்ல, அப்படியே போங்க, அம்பது பக்கம் தாண்டுனா காது பழகிரும். முதல்லயே மூணு பேரு, கோத்ரா பிள்ளை, சூசையார், சிலுவை, கடல்ல மாட்டிக்கிட்டு மரத்தைப் பிடிச்சிட்டு மிதப்பாங்க, தண்ணியில்ல சோறில்ல, அந்தக் கதை ஒரு பக்கம் போகும், இன்னொரு பக்கம் ஆமந்துறை ஊர்க் கதை 1933ல இருந்து போகும். மடி (வலை) எப்படிப் போடணும், எந்தக் காத்துல எந்த மீன் வரும், சுறாப் பிடிக்கப் போனா என்ன ஆகும், கரைக்கு வந்த மீனை யாரு விலை சொல்லுதா, அதுல கோயிலுக்குப் போறது எவ்வளவு, எல்லாமே உள்ள இருந்து வரும். ஜோ டி குரூஸ் கப்பல் தொழில்ல இருந்த ஆளு, ஆனா உவரியில பிறந்தவரு. வெளியாளு எழுதுனா மீன் பேரைச் சொல்லி விளக்கம் சொல்லுவான், இவரு பேரை மட்டும் சொல்லிட்டுப் போயிருவாரு.

கஷ்டமா இருந்தா முதல்ல வண்ணநிலவனோட கடல்புரத்தில் படிங்க. மணப்பாடுங்கிற கடக்கரை ஊர்ல நடக்குதது. வல்லத்துக்காரங்களுக்கும் (நாட்டுப் படகு) லாஞ்சுக்காரங்களுக்கும் (மோட்டார் படகு) சண்டை, நடுவுல பிலோமின்னு ஒரு பொண்ணு. சின்ன புக்கு, லேசான தமிழ். அதுல கடல் வேலை கம்மி, மனசு ஜாஸ்தி. அதுக்கு அப்புறம் ஆழி சூழ் உலகு போனா பயம் இருக்காது.


தேயிலைத்தூள்:

வணக்கம், நான் ஹட்டன் பக்கம், இலங்கை. எரியும் பனிக்காடு படிச்சிட்டேன்னு எழுதியிருந்தீங்க. அதை எழுதின பி.எச். டேனியல் ஆனைமலை எஸ்டேட்ல டாக்டரா இருந்தவர், 1969ல இங்கிலீஷ்ல எழுதினது. கருப்பனும் வள்ளியும் மேஸ்திரி பேச்சை நம்பி மலையேறுறது, முன்பணக் கடன் தீராமலே போறது, காய்ச்சல்ல ஆட்கள் சாகுறது, படிக்கும்போது எங்க தாத்தா பாட்டி கதை மாதிரியே இருந்துச்சு. அவங்க கப்பல் ஏறி வந்தாங்க, இவங்க நடந்து வால்பாறை ஏறினாங்க, அவ்வளவுதான் வித்தியாசம்.

எங்க பக்கம் இருந்து தெளிவத்தை ஜோசப்போட காலங்கள் சாவதில்லை படிச்சுப் பாருங்க. சி.வி. வேலுப்பிள்ளையோட வீடற்றவன், இனிப் படமாட்டேன் ரெண்டும் கூட. பிரட்டுக் களம் (காலையில ஆட்களைப் பேர் கூப்பிட்டு வேலைக்குப் பிரிக்கிற இடம்), கங்காணி, பெரிய கணக்கு, கொழுந்து நிறுக்கிற இடத்துல ராத்தல் (பவுண்டு) ராத்தலா வெட்டிக்கிறது, லயத்துல (தோட்டத்து வரிசை வீடு) ஒரே காம்பராவுல, அதாவது ஒரே அறையில, ரெண்டு குடும்பம். இது தோட்டத்துக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவங்க எழுதினது. டேனியலோட நாவல்ல கூலி ஆட்கள் பெரும்பாலும் பாவப்பட்ட ஆட்களா மட்டும் இருப்பாங்க, ஒரு டாக்டர் நோயாளியைப் பார்க்கிற கண் அது. எங்க ஆட்கள் எழுதினதுல அவங்க சிரிப்பாங்க, ஏமாத்துவாங்க, காமன் கூத்து ஆடுவாங்க, துரையைப் பத்திப் பாட்டுக் கட்டுவாங்க. நூலகம் தளத்துல எங்க நாட்டுப் புத்தகம் நிறைய இலவசமா கிடைக்கும், தேடிப் பாருங்க.


வரிக்குதிரை78:

தேயிலைத்தூள் சொன்னது ரொம்ப சரியான பாயின்ட். வெளியில இருந்து பாத்தா கஷ்டம் மட்டும்தான் தெரியும். ஆனா உள்ள இருந்து எழுதினாதான் நல்லா வரும்னு ஒரேயடியா சொல்ல முடியாது. மலையாள எழுத்தாளர் தகழியோட தோட்டியின் மகன் எடுத்துக்கோங்க, 1947. ஆலப்புழையில மலம் அள்ளுற தோட்டிங்க, மூணு தலைமுறை. தகழி வக்கீல், விவசாயக் குடும்பம், அந்த வேலைக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்ல. ஆனா சுடலைமுத்துன்னு ஒருத்தன், தோட்டி வேலை செஞ்சுக்கிட்டே தோட்டியா இருக்கக்கூடாதுன்னு நினைக்கிறான், தன் மகனுக்கு மோகன்னு பேர் வைக்கிறான், அந்தப் பேரைக் கேட்டு ஊரே சிரிக்குது. காசு சேக்கணும்னு கூட வேலை பாக்குறவங்களையே ஏமாத்துறான். பாவப்பட்டவன்னு அவனை நல்லவனா ஆக்கி வைக்கல பாருங்க, அதைத்தான் நான் கரிப்பு மணிகள்ல தேடுறேன். தமிழ்ல சுந்தர ராமசாமி மொழிபெயர்ப்பு, மொழிபெயர்ப்புன்னே தெரியாது.


மதுரைக்காரி:

@வரிக்குதிரை அப்ப வெளியாளு எழுதலாம், ஆனா ராஜம் கிருஷ்ணன் மட்டும் எழுதக்கூடாதா? 😏


வரிக்குதிரை78:

எழுதக்கூடாதுன்னு எங்க சொன்னேன்! தகவலை சேகரிச்ச உடனே எழுதிட்டாங்கன்னுதான் சொல்றேன், அது ஊறணும். வருஷத்துக்கு ஒரு தொழில்னு போனா எப்படி ஊறும்.


பழையபேப்பர்:

சண்டை போடாதீங்கப்பா. ஒரு விஷயம் மட்டும், நம்ம ஊர்ல வேலைன்னாலே சாதிதானே, அதைத் தொடாம இந்தத் திரி போய்க்கிட்டிருக்கு. கூலி, கங்காணி, சங்கம்னு வந்தா அது ஒரு மாதிரி வேலை. கூலியே இல்லாம ஊருக்கு மொத்தமா வேலை பாக்குறது இன்னொரு மாதிரி. அதுக்கு இமையத்தோட கோவேறு கழுதைகள், 1994. ஆரோக்கியம்னு ஒரு புதிரை வண்ணார் பொம்பளை, பறையர் குடியிருப்புக்குத் துணி வெளுக்குறவ. வெளுக்குறது மட்டும் இல்ல, பிரசவம் பாக்கணும், சாவு வீட்டுல வேலை செய்யணும், களத்துல தூத்திக் கொடுக்கணும், ராத்திரி வீடு வீடாப் போய் சோறு எடுக்கணும். எதுக்கும் இன்ன காசுன்னு கிடையாது, கொடுக்கிறதுதான். கேட்டா கோபம் வரும், கேக்கலன்னா மறந்திடுவாங்க. களத்துல நெல்லு அளக்குற இடத்துல அவ பேசுற பேச்சு, கெஞ்சலா மிரட்டலா ஒப்பாரியான்னு பிரிக்க முடியாது, மூணும்தான். ஊர்ல டெய்லர் கடையும் லாண்டரியும் வர வர அவ வேலை மெல்ல மெல்ல இல்லாமப் போகுது. அடிமைத்தனம் ஒழிஞ்சா சந்தோஷப்படணும்ல, அவளுக்கு அடுத்த வேளை சோறு போச்சேன்னுதான் இருக்கு. அவ அழுறதைப் படிக்கிறப்ப நாம எந்தப் பக்கம் நிக்கிறதுன்னு தெரியல.

தேவிபாரதியோட நீர்வழிப் படூஉம் (2023 சாகித்ய அகாடமி) கொங்கு பக்கம் குடிநாவிதர் குடும்பம். காரு மாமான்னு ஒருத்தர் சாவுல ஆரம்பிக்குது. அது வேலையை விட உறவு பத்தின கதைதான், இருந்தாலும் இதோட சேத்துப் படிச்சா நல்லா இருக்கும்.

ஆடு மேய்க்கிற பசங்களுக்கு பெருமாள்முருகனோட கூளமாதாரி. பனையேறிங்களுக்கு ஹெப்சிபா ஜேசுதாசனோட புத்தம் வீடு, 1964, ஆனா அதுல பனை ஏறுற வேலை பின்னாடிதான் இருக்கும், லிஸியோட கதைதான் முன்னாடி, அந்தப் பொண்ணை வீட்டுக்குள்ள எப்படிப் பூட்டி வைக்கிறாங்கங்கிறது. படிக்காம விட்டா உங்களுக்குத்தான் நஷ்டம்.


உப்புக்காத்து:

சார் கோவேறு கழுதைகள் நான் பாதியில விட்டவன், நெல்லு அளக்குற சீன் வரைக்கும் தாங்கல. மறுபடி எடுக்கணும். வீட்டு வேலையைப் பத்தி யாரும் சொல்லலையே, சமையல், தண்ணி பிடிக்கிதது, அதெல்லாம் வேலை இல்லையா? எங்கம்மா அளத்துல இருந்து வந்து அதுக்கு மேலதான் அந்த வேலையை ஆரம்பிப்பாங்க.


மதுரைக்காரி:

சூப்பர் கேள்வி தம்பி, எனக்குத் தோணவே இல்ல பாருங்க. அசோகமித்திரனோட தண்ணீர் அப்படித்தானே? ஜமுனாவும் சாயாவும் மெட்ராஸ்ல தண்ணிக்கு அலையிறது. குடம், பம்பு, கார்ப்பரேஷன் லாரி, வீட்டுக்காரம்மா கிட்ட கெஞ்சுறது, ராத்திரி எத்தனை மணிக்குத் தண்ணி வரும்னு முழிச்சிருக்கிறது. அந்தத் தெருவுல ஒவ்வொருத்தர் வீட்டுலயும் யாரு குடம் தூக்குறாங்கன்னு கவனிச்சுப் படிச்சா அது வேலையைப் பத்தின நாவல்தான். நான் காலேஜ்ல படிச்சப்ப ஜமுனாவோட சோகக் கதைன்னு படிச்சேன்.

சரி நான் எடுக்கப் போற வரிசை: சாயாவனம் வீட்டுலயே இருக்கு, அதுக்கப்புறம் கரைந்த நிழல்கள், அப்புறம் கோவேறு கழுதைகள். தோல் நாவலை ஜனவரியில சென்னை நந்தனம் புத்தகக் காட்சிக்குப் போறப்ப 10 சதவீதக் கழிவுல வாங்கிக்கிறேன், அவ்ளோ பெரிய புக்கை பஸ்ல தூக்கிட்டுப் போக முடியாது. நர்ஸ் வேலையைப் பத்தி ஏதாவது இருந்தா சொல்லுங்க, எங்க அக்கா கேக்குறா, ஜி.எச்.ல இருக்கா.


பழையபேப்பர்:

நர்ஸை நடுவுல வச்சு எழுதினது எனக்குத் தெரிஞ்சு கைக்கு வரல. இமையத்தோட செல்லாத பணம் ஏறக்குறைய முழுக்க புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரி தீக்காய வார்டுலதான் நடக்குது, ஆனா அது வாசல்ல காத்துக் கிடக்கிற சொந்தக்காரங்க பக்கம் இருந்து. ரொம்பக் கனமான புக்கு, வார்டுல வேலை முடிச்சு வர்றவங்க கையில கொடுக்காதீங்க. வைத்தியம்னா வங்காள எழுத்தாளர் தாராசங்கரோட ஆரோக்கிய நிகேதனம், த.நா. குமாரசாமி தமிழாக்கம். நாடி பாத்தே சாவு எப்பன்னு சொல்லிடுற கிழட்டு வைத்தியர் ஜீவன் மஷாய், எதிர்ல இங்கிலீஷ் வைத்தியம் படிச்சிட்டு வந்த சின்னப் பையன் டாக்டர். யாரு ஜெயிச்சான்னு எழுதாம, ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் எப்படிப் பாக்குறாங்கன்னு எழுதியிருப்பார். அதை அக்காவுக்குக் கொடுங்க. படிச்சிட்டு திட்டினாங்கன்னா இங்க வந்து சொல்லுங்க.